ஒவ்வொரு குழிக்கும் ஒரே அளவு உயிர்

ஒரு பிளாஸ்டிக் தட்டு. நீளம் 127.76 மில்லிமீட்டர், அகலம் 85.48 மில்லிமீட்டர். எந்த நாட்டில், எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் அடிப்பக்க அளவு இதேதான். எந்த இயந்திரத்தின் மேடையிலும் கச்சிதமாக உட்கார வேண்டும் என்பதற்காக வகுத்து வைத்த அளவு. இந்தத் தட்டில் 96 குழிகள் இருக்கலாம், 384 இருக்கலாம், 1536-உம் இருக்கலாம். தட்டு பெரிதாவதில்லை, குழிதான் சின்னதாகிக்கொண்டே போகிறது. 1536 குழித் தட்டில் ஒரு குழியின் நடுப்புள்ளிக்கும் அடுத்ததன் நடுப்புள்ளிக்கும் இடைவெளி 2.25 மில்லிமீட்டர். அந்தக் குழிக்குள் 5 மைக்ரோலிட்டர் திரவம் போட வேண்டும். அந்தத் திரவத்தில் உயிரோடு சுமார் 2000 மனித செல்கள் இருக்க வேண்டும். முதல் குழியில் இருக்கிற அதே எண்ணிக்கை 1536-ஆவது குழியிலும் இருக்க வேண்டும்.

இந்தத் தட்டின் மூதாதை 1951-இல் ஹங்கேரியில் பிறந்தது. ஃப்ளூ காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த சமயம். ஜூலா டகாச்சி என்ற மருத்துவர் அக்ரிலிக் கட்டை ஒன்றில் ஆறு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி என்று தானே குடைந்து எடுத்தார். நிறைய மாதிரிகளைக் குறைந்த பொருளில், சீக்கிரமாகச் சோதிக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. இன்று வரைக்கும் இந்தத் துறையை நடத்துவது அதே நெருக்கடிதான்.

நான் செல் வளர்ப்பு லேபில் வேலை பார்க்கிறேன். மருந்தாகக்கூடிய வேதிப்பொருள்கள் வந்து சேருவதற்கு முன்னால் செல்களைத் தட்டில் போட்டுத் தயாராக வைப்பது எங்கள் பொறுப்பு. மருந்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதன் அமைப்பு, அது போய் ஒட்டுகிற புரதம், அதன் காப்புரிமை எல்லாமே பேசப்படுகின்றன. செல் குழிக்குள் போய் விழுகிற அந்தச் சில நிமிடங்களைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. ஆய்வுக் கட்டுரைகளில்கூட ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: குழிக்கு இத்தனை செல்கள் போடப்பட்டன. அந்த ஒரு வரி சரியில்லை என்றால் அதற்குப் பின்னால் வருகிற வரைபடம், அட்டவணை எதையும் நம்ப முடியாது. எனக்கு ரொம்ப நாளாகவே அந்த ஒரு வரியைப் பற்றி விரிவாக எழுத ஆசை.

பாட்டிலில் இருக்கும் செல் கலவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் லேசாகக் கலங்கிய இளஞ்சிவப்புத் திரவம் தெரியும். அந்தச் சிவப்பு, வளர்ப்புத் திரவமான மீடியாவில் சேர்த்திருக்கும் ஃபீனால் ரெட் நிறமி. கலங்கல்தான் செல்கள். உப்போ சர்க்கரையோ கரைந்துவிட்டால் அடியிலும் மேலும் ஒரே அளவில் இருக்கும். செல் கரைவதும் இல்லை, மிதந்துகொண்டே இருப்பதும் இல்லை. விட்டுவிட்டால் இறங்கும். பந்தியில் ரசம் பரிமாறிப் பழகியவருக்கு இது தெரியும்: வாளியைக் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றிக்கொண்டே போனால் முதல் வரிசைக்குத் தெளிவு, கடைசி வரிசைக்கு மண்டி.

எவ்வளவு வேகமாக இறங்கும் என்று கணக்குப் போடலாம். செல்லின் விட்டம் 15 மைக்ரான், மீடியாவைவிட 5 சதவீதம் அடர்த்தி கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோக்ஸ் விதிப்படி விநாடிக்குச் சுமார் 6 மைக்ரான் இறங்கும். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில் அது மூன்றரை மில்லிமீட்டர். கையால் பிப்பெட் பிடிக்கிறவர்கள் கலவையை ஊற்றி வைத்துக்கொள்ளும் தொட்டியில் திரவத்தின் உயரமே ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அந்தப் பத்து நிமிடத்தில், மேலே இருக்கிற மூன்றில் ஒரு பங்குத் திரவத்தில் செல்லே இருக்காது. 96 குழித் தட்டைப் பன்னிரண்டு முனைப் பிப்பெட்டால் நிரப்புகிற ஒருவர் நடுவில் ஒரு ஃபோன் பேசிவிட்டு வந்தால் போதும், தட்டின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் வேறு வேறு சோதனைகளாகிவிடும்.

கலக்கிக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். எப்படிக் கலக்குவது என்பதில்தான் வேலை இருக்கிறது. வேதியியல் லேபில் செய்கிற மாதிரி காந்தத் துண்டை அடியில் போட்டுச் சுழலவிட்டால், துண்டுக்கும் பாட்டிலின் அடிக்கும் நடுவில் செல்கள் அரைபடும். அதனால் அடியைத் தொடாமல் மேலிருந்து தொங்குகிற துடுப்பு வைத்த ஸ்பின்னர் ஃப்ளாஸ்க் வேண்டும். வேகத்தைக் கூட்டினால் நுரைக்கும். நுரைக்குமிழி உடைகிற வேகத்தில் பக்கத்திலிருக்கும் செல்லும் கிழிந்துபோகும். குறைத்தால் அடியில் படியும். இரண்டுக்கும் நடுவில் எந்த வேகம் என்பது செல்லுக்குச் செல் மாறும். கல்லீரல் செல்லுக்குக் கண்டுபிடித்த வேகத்தை நரம்புச் செல்லுக்கு அப்படியே வைக்க முடியாது.

இன்னொரு தொந்தரவு, ஒட்டிக்கொள்வது. வளர்ப்புப் பாத்திரத்தின் அடியில் ஒட்டி வளர்கிற செல்களை டிரிப்சின் என்ற நொதி போட்டுப் பிரித்தெடுக்கிறோம். பிரித்த நிமிடத்திலிருந்து அவை மறுபடி எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும். பிளாஸ்டிக் கிடைக்காவிட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நடுவில் செத்துப்போன செல்கள் உடைந்து அவற்றின் டி.என்.ஏ. வெளியே வந்தால் கலவை முழுக்கப் பிசுபிசுப்பாகி, கண்ணுக்கே தெரிகிற கட்டிகள் உருவாகும். 40 மைக்ரான் வலையில் வடிகட்டுவோம், தேவைப்பட்டால் டி.என்.ஏ.வை வெட்டுகிற நொதி சேர்ப்போம். எப்படியும் பாட்டிலில் இருக்கும் நேரம் கூடக் கூட செல்லின் உடம்பு கெடும். அதனால்தான் இயந்திரம் வேண்டும் என்கிறேன். கை வலிக்கிறது என்பதற்காக மட்டும் வாங்குகிற பொருள் இல்லை அது. முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் நடுவில் ஓடுகிற நேரத்தைச் சுருக்கித் தருகிறது.

சரி, இயந்திரம் எப்படிப் போடுகிறது? இங்கே அளவு சின்னதாவதால் வருகிற ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள முனையிலிருந்து தண்ணீர் தானாகச் சொட்டினால் ஒரு சொட்டு 15, 20 மைக்ரோலிட்டர் இருக்கும். அதைவிடச் சின்னத் துளிக்கு முனையை விட்டு விழுகிற அளவு எடை கிடையாது, பரப்பு இழுவிசை பிடித்து வைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியதோ 5 மைக்ரோலிட்டர். இதை உருண்டையாக நினைத்துப் பார்த்தால் விட்டம் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 1536 குழித் தட்டில் குழியின் வாயே அதைவிடக் குறுகலானது. அதனால் சொட்டவிட முடியாது, வேகம் கொடுத்துச் செலுத்த வேண்டும்.

வேகம் கொடுக்க இரண்டு வழி பரவலாக இருக்கிறது. ஒன்றில், மிருதுவான சிலிகான் குழாய்களை உருளைகள் வரிசையாக அழுத்திக்கொண்டே போகும். குழாய்க்குள் இருக்கும் கலவை பிதுங்கி முன்னால் நகர்ந்து எட்டு முனைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் பாயும். இன்னொன்றில், பாட்டிலுக்குள் காற்றழுத்தம் கொடுத்து வைத்திருப்பார்கள். முனைக்குப் பக்கத்தில் மின்காந்த வால்வு சில மில்லிவிநாடி திறந்து மூடும். திறந்திருக்கிற நேரம்தான் அளவு. முதல் வகை செல்லுக்குப் பதமானது. இரண்டாவது வகை இன்னும் சின்ன அளவுக்குப் போகும், ஆனால் குறுகலான வாயில் வேகமாகப் பாய்கிறபோது திரவத்தின் இழுவிசை செல்லின் சவ்வைக் கிழிக்காதபடி அழுத்தத்தை அடக்கி வைக்க வேண்டும். போட்டு முடித்ததும் தட்டை மெதுவான வேகத்தில் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்றுச் சுற்றி எடுப்போம். குழியின் சுவரில் தொங்குகிற துளி அடிக்கு இறங்க, சிக்கிய காற்றுக்குமிழி வெளியே வர அது தேவை.

குழாய் வகையில் வெளியே தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டை வைக்கிறதற்குள் இயந்திரம் நிற்கும். பாட்டிலைத்தான் கலக்கிக்கொண்டிருக்கிறோம், குழாய்க்குள் இருப்பதை யார் கலக்குவது? படுக்கைவாக்கில் கிடக்கும் குழாயின் உட்சுவரில் செல்கள் படிந்துவிடும். அடுத்த தட்டின் முதல் சில பத்திகளுக்குச் செல் குறைவாகப் போகும், கொஞ்சம் கழித்து, படிந்தவை பெயர்ந்து வரும்போது கூடுதலாகப் போகும். தீர்வு எளிதுதான். ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் குழாயில் இருப்பதைப் பாட்டிலுக்கே திருப்பித் தள்ளிக் கலக்கிவிட்டு, மறுபடி நிரப்பி, முதல் கொஞ்சத்தைக் கீழே விட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். செல்லுக்குக் காசு அதிகம் என்று இந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடிக்கிற லேப்கள் உண்டு. மிச்சம் பிடித்த செல்லின் விலையைவிட, அப்படிப் போட்ட தட்டில் வீணாகும் மருந்தின் விலை பல மடங்கு.

இதெல்லாம் எவ்வளவு தூரம் போய்ப் பாதிக்கும் என்று காட்ட எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் அமெரிக்காவின் டாக்ஸ்21 திட்டம். அங்கே புழக்கத்தில் உள்ள ரசாயனங்கள், அதாவது பூச்சிக்கொல்லி, தொழிற்சாலைப் பொருள், உணவுச் சேர்மானம், மருந்து என்று சுமார் பத்தாயிரத்தை எடுத்துக்கொண்டு, அவை மனித செல்லை என்ன செய்கின்றன என்று சோதிக்க 2008-இல் தொடங்கியது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் தேசிய சுகாதார நிறுவனங்களும் சேர்ந்து ஆரம்பித்தன, 2010-இல் உணவு மருந்து நிர்வாகமும் சேர்ந்தது. மேரிலாந்து மாநிலத்தில் ராக்வில் என்ற ஊரில் ரோபோ கைகள் 1536 குழித் தட்டுகளை எடுத்து எடுத்து வைத்துச் செய்கிற வேலை. விலங்குகளை வைத்து இத்தனை ரசாயனங்களைச் சோதிப்பது நடக்கிற காரியமே இல்லை.

அங்கே செல் கலவையின் அளவு ஏன் அவ்வளவு சின்னது என்றால், ரசாயனத்தின் அளவு அதைவிடச் சின்னது. ரசாயனங்கள் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து வைக்கப்பட்டிருக்கும். அது செல்லுக்கு ஆகாது, அரை சதவீதத்தைத் தாண்டினால் பல செல்கள் தாங்காது. 1536 மெல்லிய எஃகு ஊசிகள் கொண்ட ஒரு பலகை, ரசாயனத் தட்டில் முங்கி, முனையில் 23 நானோலிட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து செல் தட்டில் தொட்டுவிட்டுப் போகும். 5 மைக்ரோலிட்டரில் 23 நானோலிட்டர் என்றால் 0.46 சதவீதம். எல்லைக்குள் நின்றுவிட்டது. செல் கலவை 4 மைக்ரோலிட்டராக விழுந்த குழியில் அதே 23 நானோலிட்டர் எல்லையைத் தாண்டிவிடும், அங்கே செல் சாகிறது என்றால் ரசாயனத்தாலா கரைப்பானாலா என்று சொல்ல முடியாது.

இதைவிட நுணுக்கமான விஷயம் தட்டுகளின் வரிசையில் இருக்கிறது. 2006-இல் ஜேம்ஸ் இங்லீஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதற்கு அடிப்படையான முறையை விவரித்து எழுதினார்கள். ஒரு ரசாயனத்தை ஒரே செறிவில் சோதித்துவிட்டு விடாமல் ஆரம்பத்திலேயே பல செறிவுகளில் சோதித்துவிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். டாக்ஸ்21-இல் அது 15 செறிவு. ஒரே தட்டில் 15 செறிவையும் வைக்க மாட்டார்கள். முதல் தட்டில் எல்லா ரசாயனங்களும் ஒரு செறிவில், அடுத்த தட்டில் அதே ரசாயனங்கள் அடுத்த செறிவில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒரு தட்டில் முதல் நான்கு பத்திகள் ஒப்பீட்டுக்கு, மீதி 1408 குழிகள் சோதனைக்கு. ஒரு ரசாயனத்தின் வளைகோட்டில் இருக்கிற 15 புள்ளிகளும் 15 வெவ்வேறு தட்டுகளிலிருந்து வருகின்றன.

இப்போது பாட்டிலில் செல் படிந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் தட்டுகளுக்குச் செல் அடர்த்தியாகப் போகிறது, போகப் போகக் குறைகிறது. செறிவு ஏறிக்கொண்டே போகிற வரிசையில் உயிரோடு இருக்கும் செல்லின் அளவு படிப்படியாக இறங்கும். ஒரு தீங்கும் செய்யாத ரசாயனத்துக்கு அழகான, சீரான நச்சு வளைகோடு கிடைக்கும். பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் உண்மையான நச்சும் அப்படித்தான் தெரியும். தட்டுக்குத் தட்டு ஒப்பீட்டுக் குழிகள் வைத்திருப்பது இதற்காகத்தான். தட்டின் சராசரியை அவற்றோடு வகுத்துச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒன்றை வகுத்தலால் சரிசெய்ய முடியாது. குழியில் செல் பாதியாக இருந்தால் ஒரு செல்லுக்குக் கிடைக்கிற ரசாயனம் இரண்டு மடங்கு. செல்கள் நெருக்கமாக இருக்கும்போது தாங்குகிற அளவை, கலைந்து கிடக்கும்போது தாங்குவதில்லை. அங்கே செல்லின் நடத்தையே மாறியிருக்கிறது, எண்ணை மட்டும் திருத்தி என்ன பயன்?

எதிர்த்திசையிலும் ஆபத்து இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் கவலை தருவது. ஒரு ரசாயனம் செல்களில் 30 சதவீதத்தைக் கொல்கிறது என்று வைப்போம். குழிக்குக் குழி இயல்பான ஏற்ற இறக்கம் 5 சதவீதம்தான் என்றால் இந்த 30 பளிச்சென்று தெரியும், ஆறு மடங்கு விலகி நிற்கும். ஏற்ற இறக்கமே 15 சதவீதம் என்றால் அது இரண்டு மடங்கு விலகல்தான். மூன்று மடங்குக்கு மேல் விலகினால்தான் கவனிப்போம் என்பது வழக்கமான கோடு. அந்த ரசாயனம் கோட்டுக்குக் கீழே ஒளிந்துகொண்டு, பாதிப்பு இல்லாதது என்ற பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும். நாளைக்கு அது யார் வீட்டு வயலில் தெளிக்கப்படும், எந்தக் குழந்தையின் மருந்துப் பாட்டிலில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

இன்னும் சின்னதாகப் போக வேண்டும், இன்னும் சின்னதாகப் போக வேண்டும் என்று எல்லாரும் ஓடுகிறார்களே, அதற்கு இயற்கை வைத்திருக்கும் ஒரு எல்லை உண்டு. இயந்திரம் குறையே இல்லாமல் வேலை செய்கிறது, கலவை துளியும் படியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு துளிக்குள் எத்தனை செல் வந்து மாட்டும் என்பது தற்செயல். பிரெஞ்சுக் கணிதர் புவாசான் 1837-இல் எழுதிய பரவல் இதற்குப் பொருந்தும்: ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூலம். 2000 செல்லுக்கு அது 45, அதாவது 2 சதவீதத்துக்குச் சற்று மேல், கண்டுகொள்ள வேண்டாம். 200 செல்லுக்கு 14, அதாவது 7 சதவீதம். 20 செல்லுக்கு நான்கரை, அதாவது 22 சதவீதம். இதை எந்தக் கம்பெனியின் எந்த இயந்திரமும் குறைக்க முடியாது. குழியைச் சின்னதாக்குகிற ஒவ்வொரு படியிலும் செல் எண்ணிக்கை குறைகிறது, அதோடு முடிவின் நம்பகமும் குறைகிறது. என் கருத்தில், வருடத்துக்கு ஓரிரு ஆயிரம் ரசாயனங்களைச் சோதிக்கிற லேபுக்கு 384 குழியே போதும். 1536-க்குத் தாவுவது பெரும்பாலும் கௌரவத்துக்காக நடக்கிறது.

சில வேலைகளுக்குக் குழிக்கு ஒரே ஒரு செல்தான் வேண்டும். அங்கே என்ன செய்வது? ஆன்டிபாடி மருந்து தயாரிக்கிறவர்கள் அதை உற்பத்தி செய்யும் செல்குடும்பம் முழுக்க ஒரே செல்லின் வாரிசு என்று கட்டுப்பாட்டு அமைப்புகளிடம் காட்ட வேண்டும். பழைய முறையில், குழிக்குச் சராசரியாக அரை செல் வருகிற மாதிரி கலவையை நீர்க்க வைத்துப் போடுவார்கள். புவாசான் கணக்குப்படி 100 குழியில் 61 காலியாக இருக்கும், 30-இல் ஒரு செல், 9-இல் ஒன்றுக்கு மேல். வளர்ந்த 39-இல் எந்த 9 கலப்பு என்று தெரியாது. அதனால் வளர்ந்ததை எடுத்து மறுபடி நீர்த்து, மறுபடி போடுவார்கள். வாரக்கணக்கில் இழுக்கும்.

தற்செயலை மீற ஒரே வழி, போடுவதற்கு முன்னால் பார்ப்பது. இந்த யோசனையின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்கிறது என்று ஆராய ஒரு பிரிவு இருந்தது. அங்கே கூல்ட்டர் கருவியில் ரத்த சிவப்பணுக்களை அளந்துகொண்டிருந்தார்கள். வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. நுண்ணிய துளை வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், செல் ஒன்று அந்தத் துளையைக் கடக்கும்போது மின்சாரம் தடைப்படும், தடையின் அளவை வைத்துச் செல்லின் பருமனைக் கணக்கிடலாம். சிவப்பணுக்களின் வரைபடத்தில் ஒரு மேடு வர வேண்டிய இடத்தில் இரண்டு மேடுகள் வந்தன. மனித ரத்தத்தில் இரண்டு ரகச் சிவப்பணுக்கள் இருக்கின்றனவா?

மேக் ஃபுல்வைலர் என்ற பொறியாளர், இரண்டையும் பிரித்து எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினார். ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் காகிதத்தில் வரைபடம் பதிவு செய்வதற்காக ஒரு மைத்தாரைக் கருவி உருவாக்கியிருந்தார். தாரையை அதிரவைத்தால் ஒரே அளவுத் துளிகளாக உடையும், துளிக்கு மின்னூட்டம் கொடுத்தால் மின்புலத்தில் அதை வேண்டிய பக்கம் திருப்பலாம். ஃபுல்வைலர் மைக்குப் பதில் செல் கலவையை வைத்தார். கூல்ட்டர் துளையில் அளந்து, அந்தச் செல் இருக்கிற துளிக்கு மட்டும் மின்னூட்டம் கொடுத்து, பெரியதை ஒரு பக்கமும் சிறியதை ஒரு பக்கமும் சேர்த்தார். பிரித்த குவியல்களைத் தனித்தனியாக மறுபடி அளந்தபோது ஒவ்வொன்றிலும் அதே இரண்டு மேடுகள் வந்தன. செல்லில் இரண்டு ரகம் இல்லை. தட்டையான சிவப்பணு துளைக்குள் எந்தப் பக்கம் திரும்பி நுழைகிறது என்பதால் அளவு மாறித் தெரிந்திருக்கிறது. ஒரு தப்பான வரைபடத்தைச் சரிபார்க்கப் பிறந்த இயந்திரம் 1965-இல் சயன்ஸ் இதழில் வெளியானது. அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சீன ஹாம்ஸ்டரின் சினைப்பைச் செல்களை இதில் பிரித்துப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாம் பிழைத்து இயல்பான வேகத்தில் வளர்ந்தன என்று சொன்னார்கள். துளிக்குள் அடைத்து, மின்னூட்டம் ஏற்றி, காற்றில் பறக்கவிட்ட பிறகும் செல் உயிரோடு வந்து வளர்கிறது என்று தெரிந்தது. இன்றைக்கு ஆன்டிபாடி மருந்துகளில் பெரும்பாலானவற்றை உற்பத்தி செய்வது அதே வகைச் செல்கள்தான்.

ஸ்டான்ஃபோர்டின் மரபியலாளர் லியனார்ட் ஹெர்சன்பர்க் அந்த இயந்திரத்தின் வடிவமைப்பு வரைபடங்களை வாங்கிக்கொண்டு போய், பருமனுக்குப் பதில் ஒளிர்வை அளக்கிற மாதிரி மாற்றினார். 1972-இல் லேசர் வைத்த வடிவம் வந்தது. இன்று பெரிய மருத்துவமனை ஆய்வகங்களில் எல்லாம் இருக்கிற செல் பிரிப்பான் அதன் வழித்தோன்றல். ஜெர்மனியின் ஃபிரைபர்க்கிலிருந்து வந்த சைட்டீனா நிறுவனத்தின் இயந்திரம் இன்னொரு வழியில் போகிறது. முனைக்குள் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அடுத்த துளியில் சரியாக ஒரு செல் இருந்தால் குழிக்குள் விழவிடும், இல்லாவிட்டால் பக்கத்திலிருந்து காற்று உறிஞ்சி எடுத்துவிடும். ஒவ்வொரு குழிக்கும் புகைப்படச் சான்றும் கிடைக்கும்.

வீட்டு அச்சுப்பொறியையே வைத்துச் செல்லைப் போட்டவர்களும் உண்டு. 1988-இல் டெக்சாஸில் ராபர்ட் கிளீபி, ஹெச்.பி. அச்சுப்பொறியால் செல் ஒட்டுகிற புரதத்தை வேண்டிய கோலத்தில் பதித்தார். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்டின் குழு செல்களையே அச்சிட்டது. இந்த அச்சுப்பொறிகளில் சூடேற்றி நீராவிக் குமிழி உண்டாக்கித்தான் மையைத் தள்ளுகிறார்கள், அந்தச் சூட்டில் செல் வெந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். சூடு சில மைக்ரோவிநாடிதான், சூடாவதும் தகட்டை ஒட்டிய மெல்லிய படலம்தான். 2005-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் உடைந்துபோன செல்கள் 8 சதவீதத்துக்கும் குறைவு. அங்கேயும் பெரிய தலைவலி பழைய தலைவலியேதான்: கார்ட்ரிட்ஜுக்குள் செல்கள் படிந்து வாயை அடைப்பது.

குழிக்குள் போட்டு முடித்ததோடு வேலை முடிவதில்லை. தட்டை நேராக 37 டிகிரி இன்குபேட்டரில் கொண்டுபோய் வைத்தால் ஓரக் குழிகள் முதலில் சூடாகும், நடுக்குழிகள் பின்தங்கும். குழிக்குள் சின்னச் சுழற்சி உண்டாகி, இன்னும் ஒட்டாத செல்களை ஒரு பக்கமாக ஒதுக்கும். 96 குழித் தட்டில் 36 குழிகள் ஓரத்தில் இருப்பவை, தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இதற்கு 2003-இல் ஒரு டென்மார்க் குழு சொன்ன மருந்துக்குச் செலவே கிடையாது: செல் போட்ட தட்டை அறை வெப்பத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துவிட்டுப் பிறகு இன்குபேட்டருக்குக் கொண்டுபோங்கள். அந்த நேரத்தில் செல் இருந்த இடத்திலேயே இறங்கி ஒட்டிக்கொள்ளும். ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். 5 மைக்ரோலிட்டரில் அரை மைக்ரோலிட்டர் ஆவியானாலும் உப்புச் செறிவு பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டம் போட்டு மாற்றியது. இந்தியாவிலும் 2023 மார்ச்சில் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளில் திருத்தம் வந்தது, செல் சார்ந்த சோதனைகளுக்கு அதில் இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு இதில் முழு மனதோடு சந்தோஷம். அதே சமயம், எலியின் இடத்தில் இந்தக் குழி வந்து உட்காருகிறது என்றால் குழிக்குள் என்ன விழுந்தது என்று கணக்குக் காட்டும் கடமையும் கூடவே வருகிறது. டிரிப்சின் போட்டதிலிருந்து கடைசிக் குழி வரை எவ்வளவு நேரம், எப்படிக் கலக்கினார்கள், முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் செல் எண்ணிக்கையில் வித்தியாசம் எவ்வளவு என்ற மூன்று தகவலும் ஒவ்வொரு கட்டுரையிலும் இருக்க வேண்டும். இதழாசிரியர்கள் கேட்டால் ஒரே வருடத்தில் பழக்கம் வந்துவிடும்.

புதிதாக இயந்திரம் வாங்குகிற மாணவர்கள் கேட்கிறார்கள், அவர்களுக்காக ஒன்று. கம்பெனிப் பொறியாளர் வந்து டார்ட்ரசின் மஞ்சள் சாயத்தை எல்லாக் குழியிலும் போட்டு, நிறத்தை அளந்து, ஏற்ற இறக்கம் 5 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார். அந்தச் சான்றிதழ் உண்மைதான், ஆனால் அது சாயத்துக்கானது. சாயம் படியாது, கட்டி பிடிக்காது, சாகாது. அவர் போன பிறகு நீங்கள் வழக்கமாக வளர்க்கிற செல்லை, வழக்கமாகப் போடுகிற அடர்த்தியில், ஒரு நாளில் எத்தனை தட்டு போடுவீர்களோ அத்தனை தட்டுக்கும் போட்டுப் பாருங்கள். எந்த ரசாயனமும் வேண்டாம். அடுத்த நாள் செல்லின் உட்கருவுக்குச் சாயமேற்றி, முதல் தட்டின் முதல் பத்தியையும் கடைசித் தட்டின் கடைசிப் பத்தியையும் நுண்ணோக்கியில் எண்ணுங்கள். நடுவில் வேண்டுமென்றே கால் மணி நேரம் இயந்திரத்தை நிறுத்தி, அதற்கு அடுத்து வந்த தட்டையும் எண்ணுங்கள். இந்த எண்கள் ஒத்துப்போகும் வரை ரசாயனப் பெட்டியை ஃப்ரீசரை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.